சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க

சென்ற வருடம் ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என் சின்னம்மா மகள் போன் செய்தாள். அவள் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். கம்பம் பள்ளத்தாக்கில், மேற்கு மலையின் அடிவாரத்தில் ஓர் ஓடைக்கரையில் அன்றைக்கு வேலை. நான் வேலைநேரத்தில் போனை எடுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மூன்றாவது முறை அடித்தாள்.

"அண்ணே, போட்டோ ஏற மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு, அப்பறம் சர்வர்னு என்னமோ போட்டு நின்னுருது."

"எத்தன பேரு இருக்காங்க?"

"இருபத்தேழு பேருண்ணே. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாக."

சிக்னல் எத்தனை கோடு என்று கேட்டேன். ரெண்டு என்றாள். வாட்ஸ்அப் திறக்கிறதா என்று கேட்டேன். "அதுவும் தொறக்கலண்ணே. தேதி தப்பா இருக்காம்." போனில் என்ன தேதி என்று பார்க்கச் சொன்னேன். அடுத்த வருடம் காட்டியது. அவளுடைய மகன், ஆறாம் வகுப்பு, முந்தின இரவு ஒரு கேமில் உயிர் தீர்ந்துபோனதும் தேதியை முன்னால் தள்ளி வைத்து இலவச உயிர் வாங்கியிருக்கிறான். கெட்டிக்காரன். திருப்பி வைக்க மறந்துவிட்டான்.

தேதிக்கும் இணைப்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றிலும் சர்வர் முதலில் ஓர் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். போன் தன் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்க்கும். கடிகாரம் அடுத்த வருடத்தில் இருந்தால், சான்றிதழ் காலாவதியானது என்று நினைத்துப் போன் கதவைச் சாத்திவிடும். சர்வர் உயிரோடுதான் இருக்கும். போன்தான் அதை நம்பாது.

தேதியைத் தானியங்கிக்கு மாற்றினாள். வாட்ஸ்அப் திறந்தது. போட்டோ அப்போதும் ஏறவில்லை. சிக்னல் கோட்டுக்குப் பக்கத்தில் ஆர் என்று ஓர் எழுத்து தெரிகிறதா என்றேன். தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள டவரைப் பிடித்துக்கொண்டிருந்தது போன். இந்தப் பக்கத்து டவர் கரட்டு மறைவில். கண்மாய்க் கரைக்கு ஏறி நடக்கச் சொன்னேன். பத்து நிமிடம் நடந்தாள். பத்து ஐம்பதுக்குப் படம் ஏறியது.

நன்றி சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் அவள் ஒன்று கேட்டாள். "ஏறாமப் போயிருந்தா என்னண்ணே பண்றது? நேர்ல வந்து நின்ன இருபத்தேழு பேரையும் வரலன்னு நான் எப்பிடி எழுதுவேன்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு ஒரு பதில். அவளுக்கு அல்ல. என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கும், இதைப் படிக்கிற, நாளைக்கு இப்படி ஓர் ஆப்பை எழுதப்போகிற உங்களுக்கும்.

*

முதலில், 'சர்வர் இல்ல' என்று நாம் சொல்வதற்கு என்ன பொருள்? ரேஷன் கடையில் சொல்கிறார்கள், வங்கியில் சொல்கிறார்கள், பத்திரப் பதிவு அலுவலகத்தில் சொல்கிறார்கள். 'கரண்ட் இல்ல' என்பதுபோல, 'மழை இல்ல' என்பதுபோல. யாரையும் குற்றம் சொல்ல முடியாத ஓர் இயற்கை நிகழ்ச்சி. நாளைக்கு வாங்க.

ஒரு போன் சர்வரைத் தொடுவதற்கு முன்னால் என்னென்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். போனிலிருந்து டவருக்கு ரேடியோ. அந்தக் கோடுகள் இந்த ஒரு தூரத்தை மட்டும்தான் காட்டும். நான்கு கோடு இருந்தும் நெட் இல்லாமல் போகலாம். டவரிலிருந்து கம்பெனியின் மையத்துக்குக் கம்பி, அல்லது மறுபடி ரேடியோ. பிறகு சர்வரின் பெயரைச் சொல்லி முகவரி கேட்க வேண்டும், அதற்கு டி.என்.எஸ். என்று வேறொரு சர்வர். முகவரி கிடைத்தால் கைகுலுக்கல். பிறகு மேலே சொன்ன சான்றிதழ். இவ்வளவும் முடிந்து கோரிக்கை உள்ளே போனால், அங்கே செயலியின் சர்வர், அதற்குப் பின்னால் தரவுத்தளம், ஆதார் சரிபார்ப்பு என்றால் அதற்கும் பின்னால் இன்னொரு நிறுவனத்தின் சர்வர். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் போனில் வருவது பெரும்பாலும் ஒரே வாசகம்: இணைக்க முடியவில்லை, பிறகு முயலவும்.

அந்த வாசகத்தை எழுதியது ஒரு மனிதன். என்னைப்போல ஒருவன். எந்தக் கண்ணி அறுந்தது என்று பல நேரம் அந்த நிரலுக்குத் தெரியும். தேதி தப்பு என்று வாட்ஸ்அப்பால் சொல்ல முடிகிறதே. மற்ற ஆப்களில் சொல்ல முடியாதது தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் வாசகம் சின்ன விஷயம். அதற்குப் பிறகு தரவுத்தளத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

கணினித் துறையில் ஒரு பழைய புதிர் உண்டு. 1975இல் மூன்று ஆய்வாளர்கள் முன்வைத்தது. 1978இல் ஜிம் கிரே அதற்கு இரண்டு தளபதிகள் என்று பெயர் கொடுத்தார். எதிரெதிர் மலைகளில் இரண்டு படைகள். நடுவில் பள்ளத்தாக்கு, அதில் எதிரி. இரண்டு படையும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் ஜெயிக்கலாம். தூதன் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும், வழியில் பிடிபடலாம். முதல் தளபதி ஆள் அனுப்புகிறார். போய்ச் சேர்ந்தானா? தெரியாது. பதிலுக்கு ஆள் வந்தால்தான் தெரியும். பதில் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டாவது தளபதிக்குத் தெரியாது. எத்தனை தூதர்களை அனுப்பினாலும் இந்தச் சந்தேகம் தீராது என்பது நிரூபிக்கப்பட்ட கணக்கு. எனக்கு இதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபோது, மேகமலையில் ஒரு தளபதியும் கம்பம்மெட்டில் ஒரு தளபதியும் நிற்பதாகத்தான் கற்பனை செய்தேன். நடுவில் எங்கள் ஊர்.

இந்தப் புதிர் சொல்லும் பாடம் எளிது. செய்தி வரவில்லை என்றால், அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நடக்கவில்லை என்று பொருள் இல்லை. தரவுத்தளத்தில் இதற்கென்றே தனியாக ஒரு மதிப்பு வைத்திருக்கிறோம்: நல். பூஜ்யம் வேறு, நல் வேறு. பூஜ்யம் என்றால் 'எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை'. நல் என்றால் 'எனக்குத் தெரியாது'. இரண்டையும் குழப்பினால் இன்டர்வியூவில் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஓடைக்கரையில் மண்வெட்டியோடு நிற்கிற ஒருத்தியின் பெயருக்கு எதிரே, படம் வராததால் 'வரவில்லை' என்று விழும்படி ஓர் அமைப்பைக் கட்டினால், அதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை.

*

பொதுவெளியில் உள்ள விவரங்களைச் சொல்கிறேன். மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தேசிய கைபேசிக் கண்காணிப்பு முறை, சுருக்கமாக என்.எம்.எம்.எஸ்., 2021 மே 21இல் அறிமுகமானது. 2022 மே 16 முதல் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் கட்டாயம். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் தவிர, எல்லா இடங்களிலும் கட்டாயம். ஒரு நாளைக்கு இரண்டு படம், இடமும் நேரமும் பதிந்து. அதை எதிர்த்து அந்த வருடம் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். 'ஆப் வேலை செய்யல, கூலி வரல' என்பது அவர்களுடைய முதன்மையான புகார்களில் ஒன்று.

அரசின் பதிலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நெட்வொர்க் இல்லாத இடத்தில் காலைப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் ஏற்றலாம். இரண்டாவது படத்தை நான்கு மணி நேரம் கழித்து எடுக்கலாம். முடியவே முடியாத சூழலில், மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளர் கைமுறையாக வருகையை ஏற்ற அனுமதிக்கலாம்.

கடைசி வரியை மறுபடி படியுங்கள். மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளர் என்றால் நம் ஊரில் கலெக்டர். கூடலூர்ப் பக்கம் ஓர் ஓடையில் வேலை செய்தவளுக்கு ஒரு நாள் கூலிக்கான நியாயம், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எல்லாம் தாண்டி, தேனி கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிறது. கோளாறு நடந்த இடம் எது, அதைச் சரிசெய்யும் அதிகாரம் இருக்கிற இடம் எது என்று பாருங்கள். இணைப்பு அறுவது தினசரி நிகழ்ச்சி. தீர்வோ 'விதிவிலக்கு'.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு விதியை வைக்கிறேன். யு.பி.ஐ.யில் காசு அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் கழிந்துவிட்டது, அந்தப் பக்கம் சேரவில்லை. இதுவும் இணைப்புக் கோளாறுதான். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது, வங்கியே தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 

நூறு நாள் வேலையில் கூலி தாமதமானால் இழப்பீடு உண்டா? உண்டு. வருகைப் பட்டியல் முடிந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு, நாளொன்றுக்குக் கூலியில் 0.05 சதவீதம். 2025–26இல் தமிழ்நாட்டின் கூலி 336 ரூபாய். ஆறு நாள் வேலைக்கு 2,016 ரூபாய். அதில் 0.05 சதவீதம் ஒரு ரூபாய். நான் சொமாட்டோவில் பிரியாணிக்கு அனுப்பிய இருநூறு ரூபாய் நடுவில் மாட்டினால் ஒரு நாளைக்கு நூறு ரூபாய். அவளுடைய ஒரு வார உழைப்பு மாட்டினால் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய். அதுவும் வருகை பதிவாகியிருந்தால்தான். படமே ஏறவில்லை என்றால் தாமதம் என்ற பேச்சே இல்லை. அவள் வேலைக்கே வரவில்லை.

ஆக, கோளாறு நடந்தால் யார் நஷ்டப்பட வேண்டும் என்பது ஏற்கனவே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த தீர்மானம். பொறியியலில் இது முதல் வருடப் பாடம். ரயிலில் காற்றுக் குழாய் அறுந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும். வண்டி நிற்கும், ஆள் சாகமாட்டான். கரண்ட் போனால் ஆபீசின் மின்காந்தக் கதவு திறந்துகொள்ளும். திருடன் வந்தாலும் வரட்டும், உள்ளே இருப்பவன் தீயில் மாட்டக் கூடாது. கெட்டுப்போகும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துத்தான் எதையும் கட்டுகிறோம். இந்த ஆப்பும் அப்படித்தான் கட்டப்பட்டது. கெட்டுப்போனால் அது தொழிலாளியின் மேல் சாயும்.

*

இப்போது எதிர்வாதம். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்தேன். 'நூறு நாள் வேலைன்னா மரத்தடியில உக்காந்து எந்திரிச்சு வர்றதுதான.' திராட்சைத் தோட்டக்காரர்கள் ஆள் கிடைக்கவில்லை என்று திட்டுவார்கள். வராத ஆளுக்கு வருகை போட்டுக் காசை எடுப்பதும் நடந்திருக்கிறது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். திருட்டைத் தடுக்கத்தானே படம் கேட்கிறார்கள்?

தடுத்ததா? 2025 ஜூலை 8இல் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் பதிவான எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்று அதில் பட்டியல் போட்டிருந்தார்கள். படங்களை ஊராட்சி மட்டத்தில் ஆட்களே முழுக்கச் சரிபார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். 

திருடனுக்கு நல்ல சிக்னல் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து போட்டோவைப் போட்டோ எடுக்க முடிகிறது. கரட்டு மறைவில் உண்மையாகவே மண் வெட்டியவளுக்குத்தான் படம் ஏற மாட்டேன் என்கிறது. ஒரு சோதனை, பொய் சொல்பவனைத் தேர்ச்சி பெறவைத்து உண்மை சொல்பவளைத் தோல்வியடையச் செய்தால், அந்தச் சோதனை எதை அளக்கிறது? நேர்மையை இல்லை. சிக்னலை.

இரண்டாவது எதிர்வாதம் நம் ஆட்களுடையது. 'கவரேஜ் வந்துகிட்டே இருக்கு ப்ரோ, இன்னும் ரெண்டு வருஷத்துல எல்லா மலையிலயும் டவர் வந்துரும்.' வரட்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் எல். பீட்டர் டாய்ச் 1994 வாக்கில் நெட்வொர்க் நிரல் எழுதுபவர்களின் தவறான நம்பிக்கைகளைப் பட்டியலிட்டார். அதில் முதலாவது: நெட்வொர்க் நம்பகமானது. முப்பது வருடமாக நாம் படிக்கிற பட்டியல். நம் கம்பெனியின் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒருபோதும் அந்த நம்பிக்கையை வைக்க மாட்டோம். திரும்பத் திரும்ப முயலும்படி எழுதுவோம், வரிசையில் போட்டு வைப்போம், இரண்டு முறை கழியாமல் எண் கொடுப்போம். அடுத்தவர் கூலி என்று வரும்போது மட்டும் டவர் வந்துவிடும்.

நானும் யோக்கியன் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆட்களுக்கான ஆப்பில் வேலை பார்த்தேன். போனிடமிருந்து குறிப்பிட்ட நேரம் பதில் இல்லை என்றால் அந்த ஆள் வேலையில் இல்லை என்று குறித்துவிடும். அந்த நிபந்தனையை எழுதியவன் நான். ஒரே வரி. முப்பது விநாடியா அறுபது விநாடியா என்று அரை மணி நேரம் விவாதித்தோம். அறுபதுக்குப் பிறகு அவன் லிஃப்டில் இருக்கலாம், பாலத்துக்கு அடியில் இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கணக்கில்தான் அவனுடைய ஊக்கத்தொகை இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் மாற்றவில்லை. அது வேறு டீமுடைய வேலை.

அதே வருடம் எங்கள் ஆபீஸ் வி.பி.என். இரண்டு நாள் படுத்துவிட்டது. யாரும் வேலை செய்யவில்லை. டீ குடித்தோம், கேரம் விளையாடினோம். மாதக் கடைசியில் முழுச் சம்பளம் வந்தது. இணைப்பு இல்லை என்பது எனக்கு லீவு, அவளுக்கு ஆப்சென்ட்.

*

எங்கள் பள்ளத்தாக்கில் இணைப்பு என்பதற்கு ஒரு பழைய இலக்கணம் இருக்கிறது. 1895இல் பெரியாறு அணை கட்டி, மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். இன்றைக்கும் தேக்கடியில் மதகு திறந்தால் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்தத் தண்ணீர்தான். மதகு திறந்த அன்று அதிகாரிகள் பூத் தூவுவார்கள், பேப்பரில் படம் வரும். ஆனால் எந்த விவசாயியும் அதை வைத்துத் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டார். கடைமடைக்கு வந்துச்சா என்றுதான் கேட்பார். வரவில்லை என்றால், அணையில் எத்தனை அடி இருந்தாலும் அது வராத தண்ணீர்தான். கடைமடைக்காரனைப் பார்த்து 'உன் வயல் தண்ணி வாங்கிக்கல' என்று யாரும் சொன்னதில்லை. வாய்க்காலில் எங்கே அடைப்பு என்று நடந்துபோய்ப் பார்ப்பார்கள்.

நாமோ சர்வர் 99.9 சதவீத நேரம் ஓடியது என்று அறிக்கை கொடுக்கிறோம். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம்தான் நின்றதாம். அளந்த இடம் சர்வர் அறை. மதகில் நின்றுகொண்டு மதகை அளப்பது. ஓடைக்கரையில் எத்தனை படம் ஏறவில்லை என்ற எண் அந்த அறிக்கையில் இருக்காது. ஏறாத படம் சர்வருக்குத் தெரியவே தெரியாதே.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. படம் வரவில்லை என்றால் 'தெரியவில்லை' என்று எழுது. 'வரவில்லை' என்று எழுதாதே. தெரியாதவரை, தாளில் கையெழுத்து இருந்தால் கூலியைக் கொடு; சந்தேகம் இருந்தால் நிரூபிக்கும் பாரம் உன்னுடையது. படம் எடுத்த நொடியிலேயே, சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போனில் ஒரு ரசீது எண் வரட்டும். எந்தக் கண்ணி அறுந்தது என்று தமிழில் சொல். தாமதத்துக்கு வங்கி வாடிக்கையாளனுக்குத் தருவதைத் தொழிலாளிக்கும் தா. ஒவ்வோர் ஊராட்சியிலும் எத்தனை நாள் படம் ஏறவில்லை என்ற கணக்கைப் பொதுவில் வை. இவற்றில் எழுத முடியாத நிரல் ஒன்றுகூட இல்லை. ஒரு நல்ல டீமுக்கு இரண்டு மாத வேலை.

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நூறு நாள் 125 நாளாகிறது. பயோமெட்ரிக்கும் கைபேசிவழிக் கண்காணிப்பும் அதிலும் இருக்கின்றன. அதற்கான ஆப்களை யாரோ எழுதப்போகிறார்கள். நம் வகுப்பில் படித்தவன், நம் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவள், ஒருவேளை இதைப் படித்துக்கொண்டிருப்பவர். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற அந்த ஒரு வரி அவர் கையில்தான் இருக்கும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தங்கச்சி ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினாள். தேதி, ஓடையின் பெயர், வந்தவர்களின் பெயர், கையெழுத்து அல்லது ரேகை. சில நாட்களுக்கு எதிரே நேரம் போட்டு எழுதியிருந்தாள்: 'நெட் இல்லை. ஆள் இருக்கு.'

அதை யாரும் கேட்பதில்லை என்றாள். ஆனாலும் எழுதுகிறாள்.